ஒட்டுப்பலகை வெட்டுத் திட்டம்

ஒட்டுப்பலகை வெட்டுத் திட்டம் என்பது, பிளைவுட் என்று பேச்சில் வழங்கும் ஒட்டுப்பலகையின் முழு ஷீட்டுகளிலிருந்து தேவையான துண்டுகளை எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த வரிசையில் வெட்டி எடுப்பது என்பதை, ரம்பத்தை எடுப்பதற்கு முன்பே தாளில் வரைந்து முடிவு செய்யும் முறையாகும். அலமாரி, சமையலறை மேடைக் கதவு, கட்டில், பரண் கதவு போன்ற வேலைகளில் கூலிக்கு அடுத்தபடியாக, சில வேளைகளில் கூலியையும் விஞ்சி, செலவு வைப்பது ஷீட்டுதான். எத்தனை ஷீட் வாங்க வேண்டும் என்பதைத் துண்டுகளின் மொத்தப் பரப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அத்துண்டுகள் ஷீட்டுக்குள் எப்படி அமர்கின்றன என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

சேலம், நாமக்கல் பகுதியில் இதன் தேவை

சேலம், நாமக்கல் சமவெளியில் கட்டப்படும் காங்கிரீட் வீடுகளில், சுவரோடு சேர்ந்த அலமாரிகளுக்கு ஒட்டுப்பலகையே இப்போது பெரிதும் பயன்படுகிறது. இவ்வேலை பொதுவாக இரண்டு வகையில் பேசப்படுகிறது. பொருளோடு சேர்த்து முன்பக்கச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது ஒரு வகை. பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தர, தச்சர் கூலி மட்டும் பெறுவது மற்றொரு வகை. முதல் வகையில் வீணாகும் பலகையின் இழப்பு தச்சரைச் சேரும். இரண்டாம் வகையில் வீட்டுக்காரரைச் சேரும். யாரைச் சேர்ந்தாலும், வெட்டிய பலகையை மீண்டும் ஒட்டி முழு ஷீட்டாக்க முடியாது. எனவே இழப்பைத் தவிர்க்கக்கூடிய ஒரே நேரம் வெட்டுவதற்கு முந்தைய நேரம்.

நாமக்கல் மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கிவருகிறது. நாமக்கல் நகரம் லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பாடி கட்டும் பட்டறைகளில் இரும்புத் தகட்டை வெட்டும்போதும் இதே கேள்விதான் எழுகிறது: ஒரு முழுத் தகட்டிலிருந்து எத்தனை துண்டு தேறும்? ஒரு வேறுபாடு உண்டு. தகடு வெட்டும் கத்தரி இயந்திரம் தகட்டை இரண்டாகப் பிரிக்குமே தவிர, இடையில் எதையும் தூளாக்குவதில்லை. பலகையை அறுக்கும் ரம்பமோ ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கோட்டளவு பலகையைத் தூளாக்கிவிடுகிறது. திட்டமிடுவோர் மறந்துவிடும் முதல் கணக்கு இதுவே.

ஷீட்டின் அளவுகளும் வகைகளும்

இந்தியச் சந்தையில் ஒட்டுப்பலகை அடிக்கணக்கில் சொல்லப்படுகிறது. 8×4 அடி ஷீட் மிகப் பரவலானது. இது 2440×1220 மி.மீ. ஆகும். இதைத் தவிர 7×4, 6×4, 8×3, 7×3, 6×3 ஆகிய அளவுகளும் உண்டு. 7 அடி என்பது ஏறத்தாழ 2135 மி.மீ.; 6 அடி ஏறத்தாழ 1830 மி.மீ. தடிமன் 4, 6, 9, 12, 18 அல்லது 19 மி.மீ. என்று வருகிறது. விலை சதுர அடிக்குக் கணக்கிடப்படுவதால், 8×4 ஷீட் 32 சதுர அடியாகவும், 7×4 ஷீட் 28 சதுர அடியாகவும், 6×4 ஷீட் 24 சதுர அடியாகவும் கொள்ளப்படும்.

பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 303 என்ற தரநிலையும், நீரில் நனையும் இடங்களுக்கான மரைன் பலகைக்கு ஐ.எஸ். 710 என்ற தரநிலையும் உள்ளன. சமையலறைத் தொட்டிக்கு அடியில் வரும் துண்டும், படுக்கையறை அலமாரித் தட்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆகவே வெட்டுத் திட்டம் போடும்போது தடிமன் வாரியாக மட்டுமின்றித் தரம் வாரியாகவும் துண்டுகளைப் பிரித்துக்கொள்வர்.

பெரும்பாலான வீடுகளில் லிண்டல் மட்டம் 7 அடியில் அமைகிறது. லிண்டலுக்குக் கீழே நிற்கும் அலமாரியின் பக்கப்பலகையும் கதவும் 7 அடிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அவற்றை 8 அடி ஷீட்டிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு ஷீட்டிலும் ஏறத்தாழ ஓரடி மிஞ்சும். 7×4 ஷீட்டுக்கு வேலையிருப்பது இங்கேதான்.

ரம்பம் தின்னும் அகலம்

தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்பர். ஒரு நூல் 3.175 மி.மீ. ஆகும். மின் ரம்பத்தின் வட்டத் தகடு ஒரு வெட்டில் தூளாக்கும் அகலமும் பெரும்பாலும் 3 மி.மீ. அளவில் இருக்கிறது. ஆகவே வெட்டுக்கு ஒரு நூல் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்குப் பொருந்தும் கணக்கு.

நான்கு அடி அகலம் 48 அங்குலம். அதை 24 அங்குலமாக இரண்டாகவோ, 16 அங்குலமாக மூன்றாகவோ, 12 அங்குலமாக நான்காகவோ பிரிக்கலாம் என்று தோன்றும். ரம்பத்தின் பங்கைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடுகிறது:

• 24 அங்குலத்தில் 2 பட்டை: 1 வெட்டு. தேவை 48 அங்குலம் 1 நூல்.
• 16 அங்குலத்தில் 3 பட்டை: 2 வெட்டு. தேவை 48 அங்குலம் 2 நூல்.
• 12 அங்குலத்தில் 4 பட்டை: 3 வெட்டு. தேவை 48 அங்குலம் 3 நூல்.

1220 மி.மீ. என்பது 48 அங்குலத்தைவிட ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமில்லை. எனவே மூன்றுமே தேறாது. கடைசிப் பட்டை குறைந்துவிடும். இதையே மில்லிமீட்டரில் 600, 400, 300 என்று வைத்தால், தேவை முறையே 1203, 1206, 1209 மி.மீ. மட்டுமே. மூன்றும் தேறுவதோடு, ஷீட்டின் ஓரத்தைச் சீவி நேராக்கவும் சிறிது இடம் கிடைக்கிறது.

இதன் விளைவைப் புத்தக அலமாரி ஒன்றில் காணலாம். 8 அடி நீளமுள்ள 12 தட்டுகள் தேவை என்று கொள்வோம். தட்டின் அகலத்தை 12 அங்குலம் என்று உறுதியாகப் பிடித்துக்கொண்டால், ஒரு ஷீட்டில் 3 முழுத் தட்டுகளே கிடைக்கும். 12 தட்டுக்கு 4 ஷீட் ஆகும். அகலத்தை 300 மி.மீ. ஆக்கினால் ஒரு ஷீட்டில் 4 தட்டு. மொத்தம் 3 ஷீட் போதும். புத்தகம் அடுக்குவோர் கண்ணுக்குத் தெரியாத 5 மி.மீ. வேறுபாடு, 32 சதுர அடிப் பலகையை மிச்சப்படுத்துகிறது. வரைபடத்தின் அளவு மாற்ற முடியாதது என்று எடுத்துக்கொள்ளாமல், ஷீட்டுக்கு ஏற்ப அளவைச் சில நூல் குறைக்க முடியுமா என்று முதலில் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இழை ஓட்டம்

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தோல்களை ஒன்றின் இழைக்கு மற்றொன்று குறுக்காக அமையுமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கிப் பசையிட்டு அழுத்தியது. மேல்தோலும் அடித்தோலும் ஒரே திசையில் ஓடும். 8×4 ஷீட்டில் அந்த இழை பொதுவாக 8 அடி நீளவாக்கில் இருக்கும். இழை ஓடும் திசையில் பலகை வளையாமல் தாங்கும் வலிமை கூடுதல். எனவே புத்தகமோ துணியோ சுமக்கும் தட்டில், ஒரு முட்டிலிருந்து மறு முட்டுவரை உள்ள நீளத்தின் திசையில் இழை ஓட வேண்டும்.

இடம் மிச்சமாகிறது என்பதற்காகத் தட்டைத் திருப்பிப் போட்டு வெட்டினால், சில ஆண்டுகளில் அது நடுவில் தொய்ந்துவிடலாம். தேக்குத் தோல் ஒட்டிய பலகையிலும், மரக்கோடு போட்ட மைக்காவிலும் இதோடு தோற்றமும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் ஒன்றில் கோடு நெடுக்காகவும் மற்றொன்றில் குறுக்காகவும் ஓடினால் கண்ணில் உறுத்தும். ஆகவே ஒவ்வொரு துண்டின் எதிரேயும் இழையின் திசையை அம்புக்குறியிட்டு எழுதுவது வழக்கம். இழை முக்கியமில்லாத துண்டுகளைத் தனியே குறித்துக்கொண்டால், அவற்றைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பலாம்.

விளிம்பிலிருந்து விளிம்புக்கு வெட்டு

தாளில் துண்டுகளை எப்படி வேண்டுமானாலும் செருகி வரையலாம். ரம்பம் அப்படிச் செல்லாது. பட்டறை இயந்திரமானாலும் கையில் பிடிக்கும் மின் ரம்பமானாலும், ஒரு விளிம்பில் தொடங்கி எதிர் விளிம்புவரை நேராகச் செல்வதே எளிது. பாதியில் நிறுத்தி மூலை திருப்பினால் மூலையில் பிசிறு அடிக்கும், வேலையும் தாமதமாகும். எனவே திட்டத்தின் ஒவ்வொரு கோடும், அந்த நிலையில் கையிலுள்ள துண்டை முழுமையாக இரண்டாகப் பிரிப்பதாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ஷீட்டை நெடுக்காகப் பட்டைகளாக்குவர். பிறகு ஒவ்வொரு பட்டையையும் குறுக்காகத் துண்டுகளாக்குவர். ஒரே அகலமுள்ள துண்டுகள் ஒரே பட்டையில் அமைந்தால் வெட்டும் குறையும், அளவும் ஒன்றுபோல் வரும்.

திட்டமிடும் படிகள்

1. இடத்தை அளத்தல். சுவர் தூக்குக்கு நிற்பதும், மூலை சரியான செங்கோணமாக இருப்பதும் அரிது. அகலத்தை மேலும் நடுவிலும் கீழும் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. பலகையின் மெய்யான தடிமனை அளத்தல். 18 மி.மீ. பலகையில் செய்யும் 1200 மி.மீ. அகல அலமாரியின் உள் அகலம் 1164 மி.மீ.; 19 மி.மீ. பலகையில் அது 1162 மி.மீ. ஆகிவிடும்.

3. துண்டுப் பட்டியல் எழுதுதல். பெயர், நீளம், அகலம், எண்ணிக்கை, இழைத் திசை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். விளிம்பில் பட்டி ஒட்டுவதாக இருந்தால் அதன் தடிமனைக் கழித்து எழுத வேண்டும்.

4. தடிமன், தரம் வாரியாகப் பிரித்தல்.

5. பெரிய துண்டுகளை முதலில் அமர்த்துதல். கதவும் பக்கப்பலகையும் முதலில் இடம்பிடிக்க, அவற்றின் ஓரத்தில் எஞ்சும் பட்டைகளில் தட்டுகளும் இழுப்பறைப் பலகைகளும் அமரும். சிறியவற்றை முதலில் வெட்டத் தொடங்கினால், பெரியவற்றுக்குப் புது ஷீட் தேவைப்படும்.

6. ஒவ்வொரு கோட்டுக்கும் 3 மி.மீ. சேர்த்துக் கூட்டிப் பார்த்தல்.

7. வெட்டும் வரிசைக்கு எண் இடுதல்.

8. ஷீட் வந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளத்தல். இரண்டும் சமமாக இல்லையென்றால் ஷீட் கோணல். ஓரத்தைச் சீவிய பிறகே அளவு குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஒரு துணி அலமாரி

உயரம் 2100 மி.மீ., அகலம் 1200 மி.மீ., ஆழம் 600 மி.மீ. கொண்ட இரு கதவு அலமாரி ஒன்றை 18 மி.மீ. பலகையில் செய்வதாகக் கொள்வோம். நடுவில் ஒரு பலகை. ஒரு பக்கம் நான்கு தட்டுகள். மறு பக்கம் துணி தொங்கவிட இடமும் மேலே ஒரு தட்டும்.

• பக்கப்பலகை: 2100×600, எண்ணிக்கை 2
• கதவு: 2094×597, எண்ணிக்கை 2
• மேல்பலகை, அடிப்பலகை: 1164×600, எண்ணிக்கை 2
• நடுப்பலகை: 2064×560, எண்ணிக்கை 1
• தட்டு: 573×560, எண்ணிக்கை 5

இவற்றின் மொத்தப் பரப்பு 9.18 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 99 சதுர அடி. 99-ஐ 32-ஆல் வகுத்தால் 3-க்குச் சற்று மேல் வருகிறது. மூன்று ஷீட் போதாது என்பதால் 8×4 ஷீட் நான்கு வாங்க வேண்டியிருக்கும். அது 128 சதுர அடி. இனி அதே துண்டுகளைச் சிறிய ஷீட்டுகளில் அமர்த்திப் பார்க்கலாம்.

முதல் ஷீட், 7×4: இரண்டு பக்கப்பலகைகள் அருகருகே. அகலத் தேவை 600+3+600=1203.

இரண்டாம் ஷீட், 7×4: இரண்டு கதவுகள் அருகருகே. அகலத் தேவை 597+3+597=1197.

மூன்றாம் ஷீட், 7×4: 560 அகலப் பட்டையில் நடுப்பலகை. 600 அகலப் பட்டையில் மேல்பலகையும் ஒரு தட்டும்; நீளத் தேவை 1164+3+573=1740. அகலத் தேவை 560+3+600=1163.

நான்காம் ஷீட், 6×4: 600 அகலப் பட்டையில் அடிப்பலகையும் ஒரு தட்டும், நீளத் தேவை 1740. 560 அகலப் பட்டையில் மூன்று தட்டுகள்; நீளத் தேவை 573×3+6=1725. இரண்டும் 1830-க்குள் அடங்குகின்றன.

எல்லாத் துண்டுகளிலும் இழை நீளவாக்கில் அமைந்திருப்பதையும், எல்லா வெட்டுகளும் விளிம்பிலிருந்து விளிம்புக்குச் செல்வதையும் கவனிக்கலாம். வாங்க வேண்டியது 28×3+24=108 சதுர அடி. நான்கு 8×4 ஷீட்டில் பலகையின் 77 விழுக்காடு அளவே அலமாரிக்குள் செல்கிறது; இந்தத் திட்டத்தில் 91 விழுக்காடு செல்கிறது. வேறுபாடு 20 சதுர அடி. சதுர அடி 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரே அலமாரியில் 2000 ரூபாய் மிஞ்சுகிறது.

பின்பக்கத்துக்கு 6 மி.மீ. பலகை பயன்படுத்தினால் 7×4 ஷீட் ஒன்று போதும். உயரமான கதவுகள் நெளியாமல் இருக்கச் சிலர் பிளாக் போர்டு பயன்படுத்துகின்றனர். அதற்கும் இதே கணக்குப் பொருந்தும். மைக்கா பெரும்பாலும் 8×4 அளவில் வருவதால், 7 அடிக் கதவுக்கு ஒட்டும்போது ஓரடி மிஞ்சும். அந்தத் துண்டைப் பரண் கதவுக்கோ இழுப்பறை முகப்புக்கோ பயன்படும்படி முன்கூட்டியே குறித்துவைக்கலாம்.

மிச்சமும் கழிவும்

வெட்டிய பிறகு எஞ்சுவதெல்லாம் கழிவன்று. 8×4 ஷீட்டில் 2100 மி.மீ. பலகை எடுத்தால் எஞ்சும் 337×1220 மி.மீ. துண்டு, அதே வீட்டில் இழுப்பறை செய்ய வேண்டியிருந்தால் பயனுள்ள பொருள். வேறு வேலையே இல்லையென்றால் மூலையில் சாத்திவைக்கப்படும் சுமை. எனவே வீட்டின் எல்லா மரவேலைகளையும் ஒன்றாகப் பட்டியலிட்ட பிறகு ஷீட் வாங்குவது நல்லது. அறைக்கு அறை தனித்தனியாக வாங்கினால், ஓர் அறையின் மிச்சம் அடுத்த அறைக்குப் போய்ச் சேராது.

ஒரே பரப்புள்ள மிச்சத்திலும் வடிவம் முக்கியம். இரண்டு திட்டங்கள் ஒரே அளவு பலகையை மிச்சம் வைக்குமானால், அதைப் பல மெல்லிய பட்டைகளாகச் சிதறவிடும் திட்டத்தைவிட, ஒரே பெரிய துண்டாக நிறுத்தும் திட்டமே சிறந்தது. அவ்வாறு எஞ்சும் துண்டின் மேல் அளவு, தடிமன், தரம், இழைத் திசை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிச் செங்குத்தாக அடுக்கிவைத்தால், அடுத்த வேலையில் தேடி அலைய வேண்டியதில்லை.

பயன்படாத சிறு துண்டுகளை விறகோடு சேர்த்து அடுப்பில் எரிப்பது தவிர்க்கப்பட வேண்டியது. ஒட்டுப்பலகையில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை உள்ளது; மைக்காவிலும் செயற்கைப் பிசின் உள்ளது. மூடிய சமையலறையில் இவற்றின் புகை உடல்நலத்துக்குத் தீங்கானது.

கணித வரலாற்றில் ஒட்டுப்பலகை

குறைந்த பொருளில் நிறைந்த பயன் பெறும் கணக்குக்கும் ஒட்டுப்பலகைத் தொழிலுக்கும் பழைய தொடர்பு உண்டு. சோவியத் கணிதவியலாளர் லியோனித் கந்தரோவிச் 1930-களின் இறுதியில் லெனின்கிராடில் பணியாற்றியபோது, ஒட்டுப்பலகை உற்பத்தி நிறுவனம் ஒன்றின் ஆய்வகம் அவரிடம் ஆலோசனை கேட்டது. சில கட்டுப்பாடுகளுக்குள், மூலப்பொருளை இயந்திரங்களுக்கு எவ்வாறு பகிர்ந்தளித்தால் உற்பத்தி மிகும் என்பதே கேள்வி. அதே வகைக் கணக்கு வேறு பல தொழில்களிலும் இருப்பதைக் கண்ட அவர், உற்பத்தியைத் திட்டமிடும் கணித முறைகள் பற்றிய நூலை 1939-இல் வெளியிட்டார். இன்று நேரியல் திட்டமிடல் என்று கல்லூரிகளில் கற்பிக்கப்படும் துறையின் தொடக்க நூல்களில் அது ஒன்று. பொருளை வீணாக்காமல் வெட்டுவது பற்றியே விக்டர் சல்கல்லருடன் இணைந்து 1951-இல் அவர் மற்றொரு நூல் எழுதினார். 1975-இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு அவருக்கும் ட்ஜாலிங் கூப்மன்சுக்கும் வழங்கப்பட்டது.

அமெரிக்காவில் பால் கில்மோர், ரால்ஃப் கொமோரி ஆகியோர் 1961, 1963 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், பெரிய அளவிலான வெட்டுக் கணக்குகளைக் கணினியில் தீர்க்க வழி காட்டின.

கணினி வழித் திட்டம்

துண்டுப் பட்டியலையும் ஷீட் அளவையும் கொடுத்தால் வெட்டுப் படத்தை வரைந்து தரும் மென்பொருள்கள் இப்போது கைப்பேசியிலும் உள்ளன. துண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட, அமர்த்தும் வழிகள் மிக வேகமாகப் பெருகுவதால், எல்லா வழிகளையும் சோதித்துப் பார்ப்பது கணினிக்கும் இயலாததாகிறது. ஆகவே பெரும்பாலான மென்பொருள்கள் தருவது நல்ல விடையே தவிர, அதற்குமேல் இல்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய விடை அன்று.

மென்பொருளிடம் மூன்று செய்திகளைத் தவறாமல் தர வேண்டும்: ரம்பம் தின்னும் அகலம், திருப்பக்கூடாத துண்டுகள், கடையில் கிடைக்கும் ஷீட் அளவுகள். முதலாவதை விட்டால் கடைசித் துண்டு குறையும். இரண்டாவதை விட்டால் இழை மாறும். மூன்றாவதை விட்டால் எல்லாவற்றையும் 8×4 ஷீட்டிலேயே அடக்கப் பார்க்கும். கணினி இல்லாதவர்கள், ஒரு சென்டிமீட்டருக்கு 100 மி.மீ. என்ற அளவில் கட்டமிட்ட தாளில் ஷீட்டை வரைந்து, துண்டுகளை அட்டையில் வெட்டி அதன்மேல் நகர்த்திப் பார்க்கலாம். 8×4 ஷீட் அப்போது 24.4×12.2 செ.மீ. கட்டமாகி, ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தில் அடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு துண்டுகள் கொண்ட வீட்டு வேலைக்கு இம்முறையே போதுமானது.